பரங்கிமலை வரை வந்த மைசூர்

1769ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி பரங்கிமலைக்கு வந்து சேர்ந்தார். காலாட்படையையும் கனத்த பீரங்கிகளையும் மேற்கே திருப்பி அனுப்பிவிட்டு, பொறுக்கியெடுத்த 6,000 குதிரை வீரர்களோடு மட்டும் மூன்றரை நாளில் ஏறக்குறைய 130 மைல் கடந்திருந்தார். அவரைத் துரத்திக்கொண்டிருந்த கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படை வெகுதூரம் பின்தங்கிவிட்டது. புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிடும் எண்ணம் ஹைதருக்கு இல்லை. அதற்கு வேண்டிய பீரங்கியும் அப்போது கைவசம் இல்லை. மதராஸ் ஆளுநர் சார்லஸ் போர்ஷியருக்கு அவர் அனுப்பிய செய்தி சுருக்கமானது: சமாதானம் பேச ஆள் வரட்டும், ஸ்மித் இருக்கும் இடத்திலேயே நிற்கட்டும். கவுன்சில் இரண்டுக்கும் இணங்கியது. அடுத்த ஆளுநராக வரவிருந்த ஜோசையாஸ் டு ப்ரே பேச்சுவார்த்தைக்குப் புறப்பட்டுப் போனார். ஏப்ரல் முதல் வாரத்தில் மதராஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. பிடித்த ஊர்களை இரு தரப்பும் திருப்பிக் கொடுப்பது, ஒருவர்மீது பிறர் படையெடுத்தால் மற்றவர் உதவிக்கு வருவது என்பவை அதன் முக்கிய அம்சங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி இந்திய மண்ணில் போட்ட எத்தனையோ ஒப்பந்தங்களில், எதிராளி தன் வாசலில் வந்து நின்று சொன்ன நிபந்தனைக்கு அது பணிந்தவை மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

1767இல் தொடங்கி, 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் விழும் வரை, தந்தையும் மகனுமாக நடத்தியவை நான்கு போர்கள். கடந்தவை 32 ஆண்டுகள். இந்த வரலாற்றை நாம் பெரும்பாலும் ஒரு மாவீரனின் கதையாகவோ திப்புவைக் காட்டிக்கொடுத்த மீர் சாதிக் என்ற துரோகியின் கதையாகவோ சொல்லிப் பழகியிருக்கிறோம். இரண்டிலும் எல்லாவற்றுக்கும் தனிமனிதர்களின் குணமே காரணமாகிவிடுகிறது. வங்காள நவாப் 1757இல் பிளாசியில் ஒரே நாளில் சாய்ந்தார். ஆர்க்காட்டு நவாப் கம்பெனியோடு போரே செய்யாமல் அதன் கடனாளியாகிக் கரைந்தார். மராத்தியரை விட்டால், இத்தனை காலம் கம்பெனியை எதிர்த்து நின்ற அரசு மைசூர்தான். அது எப்படி இயன்றது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. இதற்கான விடை போர்க்களத்தில் கிடைப்பதைவிட வரி வசூலிலும் மாட்டுத் தொழுவத்திலும் தானியக் கிடங்கிலும்தான் அதிகம் கிடைக்கிறது என்பது என் வாதம். பிறரிடம் கடன்படாமல், தன் நிலவரியைக் கொண்டே பெரும்படையை ஆண்டுக்கணக்கில் நடத்தக்கூடிய அரசை ஹைதரும் திப்புவும் கட்டினார்கள். எதிர்ப்பின் நீளம் அந்த அரசின் வலுவால் வந்தது. அதே வலு அக்கம்பக்கத்தார் அனைவரையும் அச்சுறுத்தியதும், கம்பெனி அந்த வித்தையை மைசூரிடமிருந்தே கற்றுக்கொண்டதும் எதிர்ப்பு முறிந்ததற்குக் காரணங்கள். சாந்தோம், மயிலாப்பூர், அடையாறு, சைதாப்பேட்டை, சேப்பாக்கம் என்று இன்றைய சென்னையின் தெற்கையும் நடுவையும் ஒட்டியே இதற்கான சான்றுகளில் பெரும்பகுதி கிடைக்கிறது.

கதை 1746 அக்டோபரில் அடையாற்றங்கரையில் தொடங்குகிறது எனலாம். மதராஸைப் பிடித்துக்கொண்ட பிரெஞ்சுக்காரர்களை விரட்ட ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் தன் மகன் மாபூஸ்கானை 10,000 பேரோடு அனுப்பினார். சில நூறு பிரெஞ்சு வீரர்களும் அவர்களிடம் பயிற்சி பெற்ற சிப்பாய்களும் பாரடி என்ற தளபதியின் கீழ் ஆற்றைக் கடந்து வந்து, வரிசையாக நின்று சுட்டு, அந்தப் பெரும்படையைச் சாந்தோம் தெருக்கள் வழியாக ஓட ஓட விரட்டினார்கள். குதிரைப்படையின் எண்ணிக்கைதான் பலம் என்று நம்பியிருந்த தென்னிந்திய அரசுகளுக்கு அன்று ஒரு பாடம் கிடைத்தது. பெரும்பாலோர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு, ஐரோப்பியரின் சிப்பாய்களை வாடகைக்கு அமர்த்திக்கொள்ளலாம் என்பது. வாடகைக்குக் காசு வேண்டும். காசுக்குக் கடன் வேண்டும். கடனுக்கு நாட்டின் வருவாய் அடமானம். ஆர்க்காடு அழிந்த வழி அதுவே. அடுத்த சில ஆண்டுகளில் மைசூர்ப் படையோடு திருச்சிராப்பள்ளி முற்றுகைக்கு வந்த ஹைதர் என்ற இளம் அதிகாரி ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் இயங்கும் விதத்தை அருகிலிருந்தே கவனித்தார். அவர் வந்துசேர்ந்த முடிவு வேறு. ஐரோப்பிய முறையைத் தன் சொந்தச் செலவில், தன் கட்டுப்பாட்டில், தன் ஆட்களுக்கே பயிற்றுவிப்பது. ஆனால் குதிரைப்படையை அவர் கைவிடவில்லை. வரிசையாக நிற்கும் காலாட்படையோடு நேருக்கு நேர் மோதுவதைத் தவிர்த்து, அதற்குச் சோறு வரும் வழியை அறுக்கும் வேலையைக் குதிரைகளுக்குக் கொடுத்தார்.

இந்த உத்தியின் கூர்மையை முதலில் உணர்ந்தது இன்றைய தென்சென்னைதான். 1767 செப்டம்பரில், பதின்பருவத்தைத் தாண்டாத திப்பு ஒரு குதிரைப்படையோடு மதராஸின் புறநகருக்குள் புகுந்து, சாந்தோமையும் சுற்றியிருந்த தோட்ட வீடுகளையும் கொள்ளையிட்டார். அன்றைய மதராஸின் செல்வம் முழுவதும் கோட்டைக்குள் இல்லை. கம்பெனி அதிகாரிகள் தெற்கிலும் மேற்கிலும் பரந்த தோட்டங்களில் வீடு கட்டி வாழத் தொடங்கியிருந்தார்கள். நெசவாளர், வணிகர், துபாஷிகள் வாழ்ந்த ஊர்களும் திறந்தவெளியிலேயே கிடந்தன. இந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் கறுப்பர் நகரின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பும் வேலை பால் பென்ஃபீல்டு என்ற குத்தகைக்காரர் கையில் வேகம் பிடித்தது. அந்தச் செலவை நகரவாசிகளிடம் வரியாகப் பிடிக்க நினைத்ததன் சுவடு இன்றும் வால்டாக்ஸ் சாலை என்ற பெயரில் இருக்கிறது. மயிலாப்பூர், சாந்தோம், திருவல்லிக்கேணி எதற்கும் அந்த மதில் கிடையாது. தெற்கிலிருந்து வருபவனுக்கு அடையாறு மட்டுமே தடை. அதன்மேல் ஆர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான் 1726இல் கட்டிய மார்மலாங் பாலம் இருந்தது. இன்று மறைமலை அடிகள் பாலத்தைக் கடக்கும் பேருந்துகளில் இருப்பவர்களுக்கு, அது ஒரு காலத்தில் மதராஸின் தெற்கு எல்லைக் காவலாக இருந்தது என்பது நினைவுக்கு வர வாய்ப்பில்லை. சைதாப்பேட்டையில் உஸ்கானின் கல்வெட்டு மட்டும் இன்னும் நிற்கிறது.

1769 உடன்படிக்கையைக் கம்பெனி காப்பாற்றவில்லை. அடுத்த ஆண்டே மராத்தியப் படை மைசூருக்குள் புகுந்தபோது, ஒப்புக்கொண்ட உதவியை அது அனுப்ப மறுத்தது. 1780 ஜூலையில் ஹைதர் செங்கம் கணவாய் வழியாக ஏறக்குறைய 80,000 பேரோடு இறங்கியபோது மதராஸ் அரசு எதற்கும் தயாராக இல்லை. ஆகஸ்ட் 10 அளவில் மைசூர்க் குதிரைகள் மறுபடி சாந்தோம் பக்கம் தென்பட்டன. குண்டூரிலிருந்து வந்துகொண்டிருந்த கர்னல் பெய்லியின் படை, காஞ்சிபுரத்தில் காத்திருந்த ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர்வதற்கு முன்பே, செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் மடக்கப்பட்டது. பல்லவரும் சாளுக்கியரும் மோதியதாகச் செப்பேடு சொல்லும் அதே புள்ளலூர். மைசூரின் வாணங்களும் பீரங்கிகளும் நாற்புறமும் முழங்க, பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ஏறக்குறைய 3,800 பேர் கொண்ட படை கொல்லப்பட்டும் சிறைப்பட்டும் இல்லாமல் போயிற்று. சில மைல் தொலைவில் இருந்த மன்றோ, தன் கனத்த பீரங்கிகளைக் காஞ்சியில் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகப் பின்வாங்கினார். அவர் கடைசியில் வந்து ஒதுங்கிய இடம் மார்மலாங். அடையாற்றை அரணாக வைத்துக்கொண்டு நிற்கும் நிலை.

அன்று ஹைதர் தொடர்ந்து முன்னேறியிருந்தால் மதராஸ் விழுந்திருக்கும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கோட்டைக்குப் பின்னால் கடல் இருந்தது, கடலில் கம்பெனியின் கப்பல்கள் இருந்தன. அந்த நவம்பரிலேயே வங்காளத்திலிருந்து தளபதி ஐர் கூட் 15 லட்சம் ரூபாயோடும் புதிய துருப்புகளோடும் கப்பலில் வந்து இறங்கினார். தரைவழியாக மதராஸை எத்தனை முறை சுற்றி வளைத்தாலும், வங்காளத்தின் நிலவரி கடல்வழியாக வந்துசேரும்வரை அதைப் பட்டினி போட முடியாது. ஹைதருக்கு இது தெரிந்தே இருந்தது. அதனால் அவருடைய உத்தி வேறு திசையில் போயிற்று: கம்பெனிப் படை கடற்கரையை விட்டு உள்ளே வரவே முடியாதபடி செய்வது. கூட் எழுதிய புகார்களில் திரும்பத் திரும்ப வருவது எதிரியின் வீரம் அல்ல. மாடு இல்லை என்ற புலம்பல்தான். 18ஆம் நூற்றாண்டுத் தக்காணப் போரில் ஒரு பீரங்கியை இழுக்கப் பல ஜோடி எருதுகள் வேண்டும். அரிசி, வெடிமருந்து, கூடாரம், சாராயம் எல்லாவற்றுக்கும் பொதிமாடு வேண்டும். மாடுகளுக்குத் தீவனம் வேண்டும். தீவனம் சுமக்கவும் மாடு வேண்டும். 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் கூட் வென்றார். ஆனால் தோற்று விலகிய ஹைதரைத் துரத்த மாடு இல்லாமல் கடலோரமே தங்கிவிட்டார். புள்ளலூரிலும் சோளிங்கரிலும் அதே ஆண்டு நடந்த மோதல்களிலும் நிலைமை இதுதான். களம் கம்பெனியுடையது, நாடு மைசூருடையது.

மைசூர் தரப்பில் நிலைமை நேர்மாறு. அங்கே மாடு வளர்ப்பே ஓர் அரசுத் துறை. மைசூர் உடையார்கள் காலத்து மாட்டுப் பண்ணைகளை ஹைதர் விரித்துப் படைத்தேவைக்கென்றே ஒழுங்குபடுத்தினார். திப்பு அதற்குச் சட்டதிட்டம் வகுத்து அம்ரித் மகால் என்று பெயரிட்டார். இனம் கலக்காமல் காத்து, மேய்ச்சல் காவல்களை ஒதுக்கி, கன்றுகளை வயது வாரியாகப் பிரித்துப் பழக்கினார்கள். ஒல்லியான உடல், பின்னோக்கி வளைந்த நீண்ட கூர்க்கொம்பு, சாம்பல் நிறம் கொண்ட இந்த மாடு பால் அதிகம் தராது. ஆனால் பீரங்கியைக் காலாட்படையின் வேகத்துக்கு இழுக்கும். 1781 ஜூனில் கூட் சிதம்பரம் கோயில் அரணைத் தாக்கித் தோற்றுத் திரும்பியபோது, ஹைதர் தன் முழுப் படையோடும் இரண்டரை நாளில் 100 மைல் நடந்து அவருக்கும் கடலூருக்கும் நடுவே வந்து நின்றது இந்த மாடுகளால்தான் என்று கம்பெனி அதிகாரிகளே பிற்காலத்தில் எழுதினார்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் கம்பெனி கைப்பற்றிப் பேணிக்கொண்ட முக்கியமான சொத்துகளில் இந்த மாட்டு மந்தைகளும் அடக்கம்.

இந்தத் துறையை நடத்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இரு அரசுகளுக்கும் உள்ள வேறுபாடு முழுதாகத் தெரியும். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768 முதல் சேப்பாக்கம் அரண்மனையில், கோட்டைப் பீரங்கியின் எல்லைக்குள், கம்பெனியின் நிழலில் வாழ்ந்தார். கம்பெனிப் படைக்கான செலவை அவர் தரவேண்டும். அதற்குக் கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கொழுத்த வட்டிக்குக் கடன் வாங்கினார். வட்டிக்கு ஈடாக மாவட்டம் மாவட்டமாக நிலவரியை எழுதிக்கொடுத்தார். மதில் கட்டிய அதே பென்ஃபீல்டுதான் கடன் கொடுத்தவர்களிலும் முதன்மையானவர். தஞ்சை, ஆர்க்காடு உழவர் கொடுத்த வரி ஒரு கையில் நவாபுக்கு வந்து, மறு கையில் மதராஸ் தோட்ட வீடுகளுக்குப் போனது. மைசூரில் நிலைமை அப்படி இல்லை. இடைத்தரகர்களான பாளையக்காரர்களை ஒடுக்கி, அமில்தார் என்ற வரி அலுவலர்களை நியமித்து, உழவரிடமிருந்து அரசே வரி வசூலித்தது. திப்பு மிளகு, சந்தனம், ஏலம் ஆகியவற்றின் வணிகத்தை அரசின் கையில் எடுத்து, மஸ்கட்டில் வணிக நிலையம் வைத்தார். பட்டு வளர்ப்பைக் கொண்டுவந்தார். தன் எதிரிக்கு ஒரு பகோடா நாணயம்கூடக் கடன்படாத தென்னிந்திய அரசு அந்தக் காலத்தில் வேறு எது? கம்பெனிக்கு மைசூர்மேல் இருந்த தீராப் பகையின் வேரை நான் இங்கேதான் காண்கிறேன். கடன்படாத அரசை உள்ளிருந்து விழுங்க முடியாது. போரிட்டு உடைக்க மட்டுமே முடியும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் மறுப்பு தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமானது. அதை எளிதில் தள்ளக் கூடாது. கம்பெனிக்கு உணவு கிடைக்காமல் செய்ய, மதராஸைச் சுற்றிப் பல பத்து மைல் அகலத்துக்கு ஹைதரின் குதிரைகள் ஊர்களை எரித்தன, ஏரிகளை உடைத்தன, மக்களையும் கால்நடையையும் ஓட்டிப் போயின. அந்த ஊர்களில் வாழ்ந்தவர்கள் கம்பெனிக்காரர்கள் அல்லர். செங்கல்பட்டுச் சீமையின் உழவர், நெசவாளர், பறையர், பள்ளர். 1782இல் பஞ்சம் மதராஸ் தெருக்களை நிறைத்தது. அக்டோபர் புயலில் அரிசி ஏற்றி வந்த கலங்கள் துறைமுகத்திலேயே மூழ்கின. அந்த ஆண்டு பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம்தான் பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. வடசென்னையில் முதியவர்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வதுண்டு. இந்தத் துயரத்துக்கு மைசூர் பொறுப்பு. எதிர்ப்புப் போர் என்ற பெயர் அந்தப் பொறுப்பைக் குறைக்காது. ஆனால் அதைக் காரணமாக வைத்து, இது வெறும் கொள்ளைப் படையெடுப்பு என்று முடிவுகட்டுவதும் பிழை. 1785 பிப்ரவரியில் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இதே அழிவை விவரித்துப் பேசியபோது, அவர் குற்றக் கூண்டில் ஏற்றியது ஹைதரை அல்ல. நவாபின் கடன்காரர்களையும் அவர்களைக் காப்பாற்றிய அமைச்சரவையையும். வரிப்பணம் முழுதும் வட்டிக்குப் போன நாட்டில் கிடங்கில் தானியம் இல்லை, ஏரிக்கரையைப் பழுதுபார்க்க ஆள் இல்லை. குதிரைப்படை வருவதற்கு முன்பே அந்தச் சீமை வற்றியிருந்தது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. மைசூர் கம்பெனியை மட்டுமா எதிர்த்தது? குடகையும் மலபாரையும் அடக்கியது. மராத்தியரோடும் நிஜாமோடும் போரிட்டது. 1789 டிசம்பரில் திருவிதாங்கூர் எல்லை அரணைத் தாக்கியது. அப்படியானால் இதைக் காலனிய எதிர்ப்பு என்பது பின்னாளில் நாம் ஒட்டிய பெயரா? நான் இந்த மறுப்பில் பாதியை ஏற்கிறேன். ஹைதரும் திப்புவும் தங்கள் அரசைக் காக்கவும் பெருக்கவும் போரிட்டார்கள். இந்தியா என்ற தேசத்துக்காக அல்ல. ஆனால் அவர்களுடைய எதிர்ப்பையும் விரிவாக்கத்தையும் தனித்தனிப் பெட்டியில் போட முடியாது. கடன் இல்லாமல் படை நடத்த வருவாய் வேண்டும். வருவாய்க்கு மலபாரின் மிளகும் மங்களூரின் துறைமுகமும் வேண்டும். நேரடி வரிக்குப் பாளையக்காரரும் நாயர் தலைவர்களும் ஒடுங்க வேண்டும். எந்த ஏற்பாடு கம்பெனியை முப்பது ஆண்டு தள்ளி நிறுத்தியதோ, அதே ஏற்பாடு அண்டை அரசுகளுக்குக் கம்பெனியைவிட மைசூரே பெரிய ஆபத்து என்று தோன்றச் செய்தது. 1790இல் மராத்தியரும் நிஜாமும் கம்பெனியோடு கைகோத்ததைத் துரோகம் என்று சொல்வது எளிது. திப்புவின் எல்லையில் வாழ்ந்தவர்களுக்கு அது தற்காப்பாகவே பட்டிருக்கும். மீர் சாதிக் இல்லாவிட்டாலும் இந்த வளையம் இறுகியிருக்கும்.

மதவெறி என்ற குற்றச்சாட்டையும் இங்கேயே தொட்டுவிடலாம். குடகிலும் மலபாரிலும் கட்டாய மதமாற்றம் நடந்தது. 1784இல் கனராக் கிறித்தவர்கள் கூட்டமாகச் சிறைப்பிடித்துக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1791இல் மராத்தியப் படையோடு வந்தவர்கள் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, சாரதையின் திருவுருவத்தை மீண்டும் நிறுவப் பணமும் பொருளும் அனுப்பியவரும் இதே திப்பு. இதுபற்றி அவர் எழுதிய கடிதங்கள் 1916இல் மடத்திலேயே கிடைத்தன. அவருடைய நிதியை நிர்வகித்தவர் பூர்ணய்யா. எதிர்த்தவர்களிடம் கொடுமை, அடங்கியவர்களிடம் ஆதரவு என்ற அரசியல் கணக்கு இரண்டிலும் தெரிகிறது. கொடுமையை அது நியாயப்படுத்தாது. ஆனால் போரின் காரணம் மதம் என்ற விளக்கம் நிற்காது. பிரெஞ்சு உறவைப் பற்றியும் ஒரு வார்த்தை: 1787இல் பாரிசுக்குப் போன தூதரும் 1798இல் மொரீஷியஸிலிருந்து வந்த நூறு பேருக்கும் குறைவான தொண்டர்களும் போரின் போக்கை எந்த விதத்திலும் மாற்றவில்லை. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்கு ஒரு சாக்கு கிடைத்ததுதான் மிச்சம்.

கம்பெனி எப்போது வென்றது என்றால், தான் மைசூரைப்போல ஆகக் கற்றுக்கொண்டபோது. யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த அதே கார்ன்வாலிஸ், இப்போது கவர்னர் ஜெனரலாக, 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் எதிரில் நின்றார். மழையிலும் பசியிலும் மாடுகள் செத்து விழ, தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துப்போட்டுப் பின்வாங்கினார். அடுத்த சில மாதங்களில் அவர் செய்தது புதிய போர்த் தந்திரம் அல்ல. தானியம் சுமக்கும் லம்பாடிக் கூட்டங்களை ஆயிரக்கணக்கான மாடுகளோடு கம்பெனிப் பக்கம் இழுத்தார். அதை ஏற்பாடு செய்தவர் அலெக்சாண்டர் ரீட் என்ற அதிகாரி. 1792 பிப்ரவரியில் மறுபடி வந்த படைக்குச் சோற்றுத் தட்டுப்பாடு இல்லை. திப்பு பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் தர ஒப்புக்கொண்டார். பணம் முழுதும் தீரும்வரை பத்து வயதும் எட்டு வயதுமான இரு மகன்கள், அப்துல் காலிக்கும் மொயிசுத்தீனும், பிணையாக மதராஸ் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு 1794 வரை இருந்தார்கள். கடனில் சிக்காத அரசைக் கம்பெனி முதன்முறையாகத் தவணைக்காரன் ஆக்கியது அப்போதுதான். பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சியைத் தாமஸ் பேங்க்ஸ் கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்தில் பளிங்கில் செதுக்கினார். அது இன்று கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கார்ன்வாலிஸுக்கு எழுப்பிய நினைவு மண்டபம் முதலில் நின்ற இடத்தால் தேனாம்பேட்டையில் ஒரு சாலைக்கு செனடாப் என்று பெயர் வந்தது.

மைசூர் இழந்த, சேலம் பக்கத்துப் பாராமகாலைக் கம்பெனி யாரிடம் ஒப்படைத்தது என்பதையும் கவனிக்க வேண்டும். லம்பாடிகளைத் திரட்டிய அதே ரீட் அங்கே ஆட்சியராக அமர்ந்தார். அவருக்கு உதவியாக இருந்தவர்களில் ஒருவர், 1780இல் ஹெக்டர் மன்றோவின் படையில் இளம் பயிற்சி வீரராகச் சேர்ந்து பின்வாங்கலை நேரில் கண்ட தாமஸ் மன்றோ. இருவரும் சேலம் பகுதியில் உழவரிடம் நேரடியாக வரி வசூலிக்கும் முறையை வகுத்தார்கள். பிற்காலத்தில் ரயத்துவாரி என்ற பெயரில் மதராஸ் மாகாணம் முழுவதும் பரவிய முறை அதுதான். அவர்கள் வெறும் நிலத்தில் அதைத் தொடங்கவில்லை. இடைத்தரகரை ஏற்கெனவே ஒழித்து, அரசு அலுவலரைக் கொண்டு வரி பிடித்த மைசூர் ஆட்சி அங்கே விட்டுச்சென்ற கணக்குகளின்மேல் கட்டினார்கள். அண்ணா சாலையில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் மன்றோவின் புகழில் ஒரு பங்கு, பெயர் சொல்லப்படாமல், திப்புவின் அமில்தார்களுக்கும் சேரும்.

மைசூர் பாதியாகக் குறுகியதன் விளைவு அடையாற்றங்கரையில் கண்கூடாகத் தெரிந்தது. 1767இலும் 1780இலும் குதிரைகள் மிதித்த அந்த ஆற்றோரத்தில் இப்போது அச்சமின்றி வீடுகள் எழுந்தன. கம்பெனி ஊழியர் ஜேம்ஸ் பிராடி 1796இல் ஆற்றோரம் 11 ஏக்கர் பெற்று இரட்டைக் கோபுரத்தோடு கட்டிய மாளிகையில் இன்று அரசு இசைக் கல்லூரி இயங்குகிறது. மதிலோ காவலோ இல்லாமல், கோட்டையிலிருந்து வெகுதூரத்தில், ஆற்றின் விளிம்பில் ஒரு வெள்ளைக்காரர் குடும்பத்தோடு குடியேறத் துணிவது அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நினைத்துப் பார்க்க முடியாதது. 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவே இந்தியாவையே அளக்கப்போகும் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்த வில்லியம் லாம்டன், மூன்றாண்டுக்கு முன் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்தவர். அதே 1802இல் ஆளுநர் எட்வர்ட் கிளைவ் கட்டி முடித்த விருந்து மண்டபத்தின் முகப்புகளில் பிளாசி வெற்றியும் ஸ்ரீரங்கப்பட்டண வெற்றியும் பொறிக்கப்பட்டன. நம் தலைவர்களின் உடலுக்கு மக்கள் கண்ணீரோடு வரிசையில் நின்று அஞ்சலி செலுத்திய ராஜாஜி மண்டபம் அதுதான்.

கடைசியாக ஒரு மறுப்பு மிஞ்சுகிறது: தோற்றுப்போன இந்த எதிர்ப்பால் ஆனது என்ன? அல்ஜீரியாவில் அப்துல் காதர் 1832 முதல் 1847 வரை நின்றார்; அச்சே சுல்தானகம் 1873இல் தொடங்கி முப்பது ஆண்டு டச்சுக்காரரைத் திணறடித்தது. மலையும் காடும் பாலைவனமும் அவர்களைக் காத்தன. மைசூருக்கு அந்த மறைவு குறைவு. அதன் அரண் அதன் நிர்வாகம். அந்த அரண் நின்றவரை அதன் நிழலில் பிறரும் நின்றார்கள். காளையார்கோயிலில் கணவரை இழந்த வேலுநாச்சியார் விருப்பாச்சியில் தங்கிப் படை திரட்டி, ஹைதரின் உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். கொங்குநாட்டில் தீரன் சின்னமலை திப்புவின் பக்கம் நின்று போர் பழகினார். அரண் இடிந்ததும் நடந்தவற்றைத் தேதி வாரியாக வைத்துப் பார்த்தால் விடை தானே கிடைக்கும். 1799 மே மாதம் திப்பு விழுந்தார். அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்; அதே மாதம் தஞ்சை மன்னர் சரபோஜி தன் ஆட்சியைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் முடியாதது இரண்டரை ஆண்டில் முடிந்தது.

ஆர்க்காடு கைமாறிய விதம் இவற்றில் தனித்துக் கவனிக்கத்தக்கது. ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையில் கிடைத்த கடிதக் கட்டுகளைக் கம்பெனி அதிகாரிகள் துருவினார்கள். 1792க்குப் பிறகு, பிணையாக வந்த சிறுவர்களோடு மதராஸில் தங்கியிருந்த திப்புவின் வக்கீல்கள் (தூதர்கள்), நவாப் வாலாஜாவோடும் அவர் மகன் உம்தத்துல் உம்ராவோடும் பரிமாறிய நலவிசாரிப்புகளும் மரியாதைச் சொற்களும் அவற்றில் இருந்தன. அவற்றைச் சதி என்று கம்பெனி படித்தது. 1801 ஜூலையில் உம்தத்துல் உம்ரா மரணப் படுக்கையில் கிடந்தபோதே கம்பெனித் துருப்புகள் சேப்பாக்கம் அரண்மனைக்குள் நின்றன. ஜூலை 15இல் அவர் இறந்தார். மகன் அலி உசேன் கம்பெனி நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தார். உறவினரான அசீமுத் தவ்லா ஜூலை 31இல் கையெழுத்திட்டார். வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் நவாப் என்ற பட்டமும் அவருக்கு. நெல்லூர் முதல் திருநெல்வேலி வரை நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனிக்கு.